பழைய காரின் பிரேக் ஆயில்

காரின் பிரேக் பெடலை மிதிக்கும் காலின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு திரவம். மாருதி 800 போன்ற சிறிய காரில் அது மொத்தமே அரை லிட்டர் அளவில்தான் இருக்கும். எஞ்சின் ஆயில் ஓடிய தூரத்துக்கு ஏற்பக் கெடும். பிரேக் ஆயிலுக்கு அந்தக் கணக்கு செல்லாது. வண்டி ஷெட்டில் சும்மா நின்றாலும் அது கெட்டுக்கொண்டே இருக்கும். திண்டுக்கல் மாவட்டத்தின் குஜிலியம்பாறை, எரியோடு, வேடசந்தூர் பக்கம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மாருதி 800, ஆம்னி, அம்பாசடர் வண்டிகளில் கவனிப்பாரற்றுக் கிடப்பது பெரும்பாலும் இந்த அரை லிட்டர்தான். எஞ்சினில் கோளாறு என்றால் சத்தம் காட்டிக்கொடுக்கும். பேட்டரி இறங்கினால் செல்ப் எடுக்காது. பிரேக் ஆயில் கெட்டதை வண்டி சொல்லாது. ஊருக்குள் ஓட்டும்வரை பிரேக் நன்றாகவே பிடிக்கும்.

மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மேல் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம், குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் கண்ட விதி இது. பெடலை 30 கிலோ விசையுடன் மிதிப்பதாக வைத்துக்கொள்வோம். பெடலின் நெம்புகோல் அமைப்பு அதை நான்கு மடங்காக்கி, மாஸ்டர் சிலிண்டரின் தண்டில் 120 கிலோவாகத் தள்ளுகிறது. சிலிண்டரின் உள்விட்டம் முக்கால் அங்குலம் என்றால் பரப்பு ஏறத்தாழ 2.85 சதுர செ.மீ.; ஆகவே குழாய்க்குள் எழும் அழுத்தம் சதுர செ.மீ.க்குச் சுமார் 42 கிலோ. அதே அழுத்தம் முன்சக்கரக் காலிபரில் 48 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனின்மேல் விழும்போது 760 கிலோவாகப் பெருகிவிடுகிறது. பெடலில் வைத்த 30 கிலோ, ஒவ்வொரு முன்சக்கரத்திலும் முக்கால் டன்னாகப் பேடை டிஸ்க்கின்மேல் அழுத்துகிறது.

விசை பெருகுவதற்கு விலையும் உண்டு. பெடல் பல அங்குலம் நகர்ந்தாலும் பேட் நகர்வது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மாஸ்டர் சிலிண்டர் ஒரு மிதிக்கு வெளியே தள்ளும் திரவம் சில மில்லி லிட்டர்தான். அந்தச் சில மில்லியும் பேடை நகர்த்தவே செலவாக வேண்டும். குழாயில் எங்காவது ஒரு காற்றுக்குமிழி இருந்துவிட்டால் தள்ளிய திரவம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். பெடல் தரையைத் தொடும். சக்கரத்தில் ஒன்றும் நடக்காது. திரவம் சுருங்காது, வாயு சுருங்கும் என்பதில்தான் இந்த அமைப்பின் பலமும் பலவீனமும் அடங்கியிருக்கின்றன.

காருக்கு ஹைட்ராலிக் பிரேக்கைக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹெட். லாக்ஹீட் விமான நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவர். 1917இல் அவர் காப்புரிமை பெற்றார். 1921இல் வந்த டியூசன்பெர்க் மாடல் ஏ கார் நான்கு சக்கரத்திலும் அந்தப் பிரேக்குடன் விற்பனைக்கு வந்தது. ஆரம்பகாலத்தில் குழாய்க்குள் ஊற்றப்பட்டது ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த கலவை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிக் கொழகொழத்துப்போகும். ஆமணக்கெண்ணெய் ரப்பரை அவ்வளவு சேதப்படுத்தாது. குஜிலியம்பாறை பக்கத்து மானாவாரிக் காட்டில் வரப்போரம் நிற்கும் கொட்டமுத்துச் செடிக்கு மோட்டார் உலகில் இப்படி ஒரு காலம் இருந்தது. ஆனால் அந்தக் கலவை குளிரில் கெட்டியாகிவிடும். சூட்டில் அதிலுள்ள ஆல்கஹால் சீக்கிரமே கொதித்துவிடும். கார்களின் வேகம் கூடக்கூட அது போதாமல் போய், கிளைக்கால் ஈத்தர் என்ற செயற்கைச் சேர்மங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. இன்று கடையில் கிடைக்கும் பிரேக் ஆயிலில் பெரும்பகுதி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. உயர்தரத்தில் போரேட் எஸ்டர்களும் சேரும். துரு தடுக்கும் பொருள்கள் சிறிதளவு கலந்திருக்கும்.

கிளைக்கால் தண்ணீரை விரும்பும் பொருள். எஞ்சின் ஆயிலில் தண்ணீர் சேர்ந்தால் தனியே பிரியும். பிரேக் ஆயிலில் அது கரைந்து மறைந்துவிடும். இந்தக் குணத்தை முழுக்கக் குறையென்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் கரையாமல் சொட்டாகத் தேங்கினால், தேங்கிய இடத்தில் 100 டிகிரியிலேயே கொதிக்கும், குளிர் நாடுகளில் உறையும், இரும்பை அரிக்கும். சிலிக்கோனால் ஆன டாட் 5 வகை பிரேக் ஆயிலின் குறை இதுதான்: அது தண்ணீரை ஏற்பதில்லை, உள்ளே வந்த தண்ணீர் பள்ளம் பார்த்துத் தங்கிவிடுகிறது.

தண்ணீர் உள்ளே வரும் வழிகள் இரண்டு. பிரேக் ஆயில் டேங்க்கின் மூடியில் காற்று வந்துபோக ஒரு சிறு துளை இருக்கும். பகல் சூட்டில் விரிந்து இரவுக் குளிரில் சுருங்கும் காற்றோடு ஈரமும் அதன் வழியே நுழையும். இரண்டாவது வழி, சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ். ரப்பர் பார்வைக்குத்தான் முழு அடைப்பு. நீராவி மூலக்கூறுகள் அதன் சுவரை மெல்ல ஊடுருவிவிடும். ஆண்டுக்கு ஒன்று முதல் இரண்டு சதவீதம் தண்ணீர் சேரும் என்பது வழக்கமான மதிப்பீடு. திண்டுக்கல் மாவட்டத்தின் வடக்குச் சமவெளி வறண்ட பூமி; கடலோர ஊர்களைவிட இங்கே இது மெதுவாக நடக்கலாம். ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழை வருடாவருடம் வரும். பத்து வருடமாக மாற்றாத ஆயிலுக்கு வறண்ட பூமி காப்பாக இருக்க முடியாது.

சேர்ந்த தண்ணீர் கொதிநிலையை எவ்வளவு இறக்குகிறது என்பதை வைத்தே பிரேக் ஆயில் தரம் பிரிக்கப்படுகிறது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பாதுகாப்பு விதி 116 வகுத்த 'டாட்' எண்களே உலகெங்கும் புட்டிகளில் அச்சாகின்றன. டாட் 3 புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பின் அந்த வரம்பு 140. டாட் 4க்கு 230, 155. டாட் 5.1க்கு 260, 180. நூற்றுக்கு நான்கு பங்குகூட வராத தண்ணீர், டாட் 3 ஆயிலின் கொதிநிலையில் 65 டிகிரியைத் தின்றுவிடுகிறது. அதற்குப் பிறகும் தண்ணீர் சேர்ந்தால் கொதிநிலை இன்னும் இறங்கும். இந்தியாவில் பிரேக் ஆயிலுக்கான தர நிர்ணயம் ஐ.எஸ். 8654.

சமவெளியில் மறைவது, மலையில் தெரிவது

குஜிலியம்பாறையிலிருந்து எரியோடு வழியாகத் திண்டுக்கல் போய் வரும் வண்டிக்கு 140 டிகிரியும் தேவைப்படுவதில்லை. பாதை ஏறத்தாழ சமதளம். வேகத்தடை, பேருந்து நிறுத்தம், குறுக்கே வரும் ஆட்டுமந்தை ஆகியவற்றுக்காகப் பிடிக்கும் பிரேக் சூடானாலும் அடுத்த ஒரு கிலோமீட்டர் காற்றிலேயே ஆறிவிடும். ஆறு சதவீதம் தண்ணீர் கலந்த ஆயிலும் இந்த ஓட்டத்தில் எந்தக் குறையும் காட்டாது. 15 ஆண்டு முடிந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டும்போது நடக்கும் பிரேக் சோதனையும் ஆறிய பிரேக்கில் நடப்பதே. அதில் தேறிய வண்டியின் ஆயில் நல்ல ஆயில் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அதே வண்டி குடும்பத்தோடு கொடைக்கானலுக்கோ, 18 கொண்டை ஊசி வளைவுள்ள சிறுமலைக்கோ போய்த் திரும்பும்போது கணக்கு மாறுகிறது. ஆட்களோடும் மூட்டை முடிச்சோடும் 900 கிலோ இருக்கும் கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால், வெளிப்படும் ஆற்றல் சுமார் 88 லட்சம் ஜூல். 30 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். மலைச் சாலையில் இரண்டாவது கியரில் இறங்கினால் இதில் ஒரு நல்ல பகுதியை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் போட்டு இறக்கினால் காற்றுத் தடையும் டயர் உராய்வும் எடுத்துக்கொண்டது போக மீதி முழுவதும் டிஸ்க்கிலும் டிரம்மிலும்தான் சூடாக இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நினைத்துச் செய்யப்படும் இந்தக் காரியத்தைப் போல பிரேக்குக்குக் கெடுதல் வேறில்லை.

சூடு டிஸ்க்கிலிருந்து பேடுக்கும், பேடிலிருந்து பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து அதன் பின்னால் நிற்கும் ஆயிலுக்கும் போகிறது. பெடலை மிதித்திருக்கும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் அதிகம். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் உயரும் என்பதால் அப்போது ஆயில் கொதிக்காது. பெடலை விட்டதும் அழுத்தம் சாதாரண வளிமண்டல அளவுக்கு இறங்கிவிடும். சூடு மட்டும் அப்படியே இருக்கும். ஆவிக்குமிழி பிறப்பது அந்த நொடியில். முந்தைய வளைவில் கல் போல நின்ற பெடல் அடுத்த வளைவில் தரையைத் தொடுவதற்குக் காரணம் இது.

வண்டியை நிறுத்தினாலும் ஆபத்து உடனே தீராது. ஓடும்போது டிஸ்க்கைக் குளிர்வித்த காற்று, நின்றதும் இல்லாமல்போகிறது. டிஸ்க்கில் தேங்கிய சூடு மெதுவாகக் காலிபருக்குள் ஊறுகிறது. மலையிறக்கத்தின் பாதியில் டீக்கடையில் பத்து நிமிடம் நின்றுவிட்டு வண்டியை எடுக்கும் ஓட்டுநருக்கு முதல் மிதியில் பெடல் இறங்கிப் போகலாம். முழுக்க ஆறிய பிறகு ஆவி மீண்டும் திரவமாகி, பெடலும் பழையபடி நிற்கும். அடிவாரத்தில் பட்டறைக்காரர் மிதித்துப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லையே, நல்லாத்தானே நிக்குது" என்பார். அவர் சொல்வது அந்த நேரத்துக்கு உண்மைதான்.

கொதிநிலை மட்டுமல்ல, அரிப்பும் உண்டு. துரு தடுக்கும் பொருள்கள் ஆண்டுகள் போகப்போகத் தீர்ந்துவிடும். பிறகு ஈரம் கலந்த ஆயில் வீல் சிலிண்டரின் உட்சுவரைத் தின்னத் தொடங்கும். அடிப்பக்கத்தில் புள்ளிபுள்ளியாகக் குழி விழும், அதன்மேல் ஓடும் ரப்பர் கப் கிழியும், ஒழுக்கு தொடங்கும். அதிகம் ஓடாமல் நிற்கும் வண்டியில் பிஸ்டன் ஒரே இடத்தில் இருப்பதால் இது இன்னும் மோசம். "மாசத்துக்கு ரெண்டு தடவைதான் எடுக்கறோம், எதுக்கு மாத்தணும்" என்ற கேள்விக்குப் பதில், அப்படிப்பட்ட வண்டிக்குத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்பதே.

பார்க்கும் முறை

பானெட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்கம், உள்ளே தெரியும்படியான வெளிர்நிறப் பிளாஸ்டிக் டேங்க் மாஸ்டர் சிலிண்டரின் மேல் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் மேல்கோடும் கீழ்க்கோடும் போட்டிருக்கும். ஆயில் இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். வண்டி சமதளத்தில் நிற்கும்போது, மூடியைத் திறக்காமலேயே பார்த்துவிடலாம்.

அளவு இறங்கியிருந்தால் உடனே ஊற்றி நிரப்புவது பரவலான வழக்கம். தவறான வழக்கமும் அதுவே. பேட் தேயத்தேய காலிபர் பிஸ்டன் வெளியே வந்து நிற்கும். அதன் பின்னால் உண்டாகும் இடத்தை டேங்க் ஆயில் நிரப்பும். அதனால் ஒரு வருடத்தில் மெதுவாக இறங்கிய அளவு, பேட் தேய்ந்ததைச் சொல்லும் குறிப்பு. அதை நிரப்பி மறைத்துவிட்டால், பிறகு புதுப் பேட் போடுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் டேங்க்கிலிருந்து பொங்கி வழியும். வழிந்த இடத்தில் பெயின்ட் உரியும். பேட் நன்றாக இருந்தும் அளவு இறங்கினால், அல்லது ஒரே வாரத்தில் சட்டென்று இறங்கினால், எங்கோ ஒழுகுகிறது என்று பொருள்.

ஒழுக்கைத் தேட வேண்டிய இடங்கள் குறைவுதான். பின்சக்கர டயரின் உட்பக்கம் ஈரமாக இருந்தால் டிரம்முக்குள் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. பெடலுக்கு மேலே, தண்டு உள்ளே நுழையும் இடத்தில் விரலை விட்டுத் தடவினால் ஈரம் தட்டுவது மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க ரப்பர் போனதற்கு அடையாளம்; கால்மிதியின் அடியில் பெயின்ட் உரிந்திருந்தால் அது வெகுநாள் ஒழுக்கு. ரப்பர் ஹோஸை வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். வெளியே நன்றாக இருக்கும் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்துக்கொள்வதும் உண்டு: மிதிக்கும்போது ஆயில் போகும், விடும்போது திரும்பாது; அந்தச் சக்கரம் மட்டும் சூடேறிக்கொண்டே இருக்கும்.

புது ஆயில் ஏறத்தாழ நிறமற்றது, அல்லது இளமஞ்சள். டிகாஷன் நிறத்துக்கு வந்த ஆயிலை மாற்றத்தான் வேண்டும். ஆனால் நிறம் வெளுத்திருப்பதால் மட்டும் ஆயில் நல்லது என்று சொல்ல முடியாது, தண்ணீருக்கு நிறமில்லை. கறுப்பு நிறம் ரப்பர்த் துகளிலிருந்தும், குழாயின் உட்புறத்துச் செம்பிலிருந்தும், சூட்டில் ஆயில் சிதைவதிலிருந்தும் வருவது. தண்ணீரைக் காட்டப் பேனா போன்ற ஒரு கருவி விற்கிறார்கள். இரண்டு முனைகளுக்கிடையே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்து பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு எரியும். ஆயிலின் வகைக்கு ஏற்ப அளவு மாறுவதால் இதை முழுதாக நம்ப முடியாது. சிவப்பு எரிந்தால் மாற்றிவிடலாம். பச்சையை மட்டும் நம்பி மலையேறக் கூடாது. சிறிதளவு ஆயிலை உண்மையாகவே கொதிக்க வைத்து அளக்கும் கருவிதான் நம்பகமானது, அது பெரிய சர்வீஸ் நிலையங்களில் இருக்கும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்லும் இரண்டு ஆண்டுக் கெடுவைப் பின்பற்றினால் கருவியே வேண்டாம்.

கைமாறி வந்த பழைய வண்டியில் இன்னொரு சோதனை அவசியம். முன்பிருந்தவர் பிரேக் டேங்க்கில் எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஊற்றியிருக்கலாம். டேங்க்கிலிருந்து சில சொட்டு எடுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விட்டால், சரியான பிரேக் ஆயில் கலந்து மறைந்துவிடும். மேலே படலமாக மிதந்தால் பெட்ரோலிய எண்ணெய் கலந்திருக்கிறது. அப்படியானால் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. மூடிக்குள் இருக்கும் ரப்பர் ஊதியிருக்கும். உள்ளே உள்ள எல்லா ரப்பரும் அதே கதியில்தான் இருக்கும். மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் சிலிண்டர் கிட், காலிபர் ரப்பர், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிக் குழாயை ஸ்பிரிட்டால் கழுவ வேண்டும். பட்டறைகளில் எதையும் டீசலில் கழுவும் பழக்கம் உண்டு. பிரேக்கின் உள்பாகங்களுக்கு டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய் மூன்றுமே ஆகாது.

மாற்றும் முறை

எந்த ஆயில் என்பது டேங்க் மூடியிலேயே எழுதியிருக்கும். மாருதி 800க்கு டாட் 3 போதும். டாட் 4 ஊற்றினாலும் தவறில்லை, இரண்டும் கலக்கக் கூடியவை. அடிக்கடி கொடைக்கானல் போகும் வண்டிக்கு டாட் 4 நல்லது. டாட் 5 மட்டும் கூடாது. டாட் 5.1 பெயரில் நெருக்கமானாலும் கிளைக்கால் வகை. தமிழ்நாட்டு உதிரிபாகக் கடைகளில் நெடுங்காலமாகக் கிடைக்கும் கிர்லிங் ஆயில், சென்னை பாடியில் டிவிஎஸ் குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவின் பெயரோடு வருவது. கிர்லிங் என்பது லூகாஸின் பிரேக் பிரிவாக இருந்தது. எந்தப் பெயரானாலும் சீல் உடையாத புட்டியாக இருக்க வேண்டும். பட்டறை அலமாரியில் பாதி தீர்ந்து மூடி தளர்ந்து நிற்கும் புட்டியிலுள்ள ஆயில் ஏற்கெனவே காற்றிலிருந்து ஈரம் குடித்தது. முழுதாக மாற்ற ஒரு லிட்டர் வாங்கினால் போதும். மிஞ்சியதை அடுத்த வருடத்துக்கு வைத்திருக்கக் கூடாது.

முதல் வேலை துடைப்பது. கரிக்காலி சிமென்ட் ஆலைப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் தூசி, காட்டுப் புழுதி எல்லாம் டேங்க் மூடியின் ஓரத்தில் படிந்திருக்கும். துடைக்காமல் திறந்தால் உள்ளே விழும். வேடசந்தூர் வட்டாரத்தில் நூற்பாலைகள் அதிகமென்பதால் பட்டறைகளில் கை துடைப்பது முதல் எல்லாவற்றுக்கும் வேஸ்ட் பஞ்சுதான். மற்ற வேலைக்கு அது நல்லது, இதற்கு ஆகாது. மாஸ்டர் சிலிண்டருக்குள் டேங்க்கிலிருந்து ஆயில் இறங்க ஒரு நுண்துளை உண்டு; அதன் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு பஞ்சிழை அதை அடைத்தால் பெடலை விட்ட பிறகும் ஆயில் திரும்பாமல், பிரேக் பிடித்தபடியே நிற்கும். வெளுத்த பழைய வேட்டித்துணி போதும்.

அடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் 50 மில்லி ஊசியில் சிறு டியூபைச் செருகி, டேங்க்கிலுள்ள பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். டியூபை வாயில் வைத்து உறிஞ்சுவது சிலருக்குக் கைவந்த பழக்கம். கிளைக்கால்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. பெட்ரோலைப் போலத் துப்பிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க முடியாது. டேங்க்கை முழுதும் வற்றவிடவும் கூடாது. அடியில் துளை தெரிந்தால் காற்று உள்ளே போய்விடும்.

இனி குழாய்களிலுள்ள பழைய ஆயிலைச் சக்கரம் சக்கரமாக வெளியே எடுக்க வேண்டும். பொதுவான முறை, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்திலுள்ள சக்கரத்தில் தொடங்கி அருகிலுள்ளதில் முடிப்பது. வலதுபக்கம் ஸ்டியரிங் உள்ள நம் வண்டிகளில் அது இடது பின்சக்கரம், வலது பின்சக்கரம், இடது முன்சக்கரம், வலது முன்சக்கரம் என்று வரும். முன் ஒரு சக்கரமும் மறுபுறப் பின்சக்கரமும் ஒரு ஜோடியாகக் குறுக்கே இணைக்கப்பட்ட வண்டிகளில் வரிசை மாறும், கையேட்டில் இருக்கும். 1960களின் கார்கள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்றுதான். ஓரிடத்தில் குழாய் போனால் முழுப் பிரேக்கும் போய்விடும். பிந்தைய கார்களில் மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு அறை இருப்பதால் ஒன்று போனாலும் மற்றது இரண்டு சக்கரத்தையாவது பிடிக்கும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு வேண்டும், எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுக்க வேண்டும். ஏர் எடுக்கும் நிப்பிள் காலிபரிலோ டிரம்மின் பின்தட்டிலோ மேல்பக்கமாக இருக்கும். காற்று மேலேதான் போய் நிற்கும் என்பதால் அந்த இடம். காலிபரை இடம்வலம் மாற்றி மாட்டிவிட்டால் நிப்பிள் கீழே வந்துவிடும். பிறகு எத்தனை லிட்டர் ஊற்றினாலும் காற்று வெளியே வராது. பல வருடம் தொடாத நிப்பிள் துருப்பிடித்து இறுகியிருக்கும். முந்தின நாளே துரு நீக்கி எண்ணெயைச் சில சொட்டு விட்டு, பேடிலோ டிஸ்க்கிலோ படாமல் துடைத்துவிட்டு, கழற்றும்போது ரிங் ஸ்பேனரையே போட வேண்டும். பெரும்பாலும் 8 அல்லது 10 நம்பர். திறந்தவாய் ஸ்பேனர் முனைகளை மழுக்கிவிடும். பலமாகத் திருகினால் நிப்பிள் ஒடியும். ஒடிந்தால் வீல் சிலிண்டரையே மாற்ற வேண்டியிருக்கும்.

நிப்பிளில் உள்ளே தெரியும் டியூபைச் செருகி, மறுமுனையைச் சிறிது புது ஆயில் ஊற்றிய கண்ணாடிப் புட்டியில் மூழ்கவிட வேண்டும். பட்டறைகளில் குளுக்கோஸ் ஏற்றும் டியூபே இதற்குப் பயன்படுகிறது. ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தில். "அமுக்குங்கண்ணே… புடிங்க… விட்ராதீங்க" என்று கீழிருந்து குரல் வரும்போது நிப்பிள் கால் சுற்றுத் தளரும். பழைய ஆயில் டியூபில் பாயும். பெடல் மெல்ல இறங்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் "விடுங்க". முந்திப் பெடலை விட்டால் புட்டியிலிருந்தோ நிப்பிளின் மரையோரமாகவோ காற்று உள்ளே இழுபடும். வேகமாக மிதிக்கவும் கூடாது. ஆயில் கலங்கிக் குமிழி சிறுசிறு துளியாகச் சிதறி, மேலே ஏற நேரமாகும். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டேங்க்கைப் பார்த்து நிரப்ப வேண்டும். கறுப்பு மாறி டியூபில் புது ஆயிலின் நிறம் வரும்வரை இது தொடரும். ஒரு சக்கரத்துக்கு நூறு, நூற்றைம்பது மில்லி போகும்.

பழைய வண்டியில் ஒரு எச்சரிக்கை உண்டு. சாதாரண ஓட்டத்தில் பெடல் பாதிவரைதான் போகும். மாஸ்டர் சிலிண்டரின் மீதிப் பகுதியை ரப்பர் தொடுவதே இல்லை. அங்கே வருடக்கணக்கான துருவும் படிவும் இருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தால் ரப்பர் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். வேலை முடிந்த மறுநாள் பெடல் இறங்கத் தொடங்கி, "ஆயில் மாத்துனதால வந்த வினை" என்று பழி புது ஆயிலின்மேல் விழும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் கால் அதற்கு மேல் போகாது.

நான்கு சக்கரமும் முடிந்த பின்னும் பெடல் தாழ்வாகவே நின்றால், காற்று என்றே முடிவுகட்ட வேண்டாம். பின் டிரம்மில் ஷூ தளர்ந்திருந்தாலும் பெடல் தாழும். இரண்டு முறை விரைவாக மிதித்தால் பெடல் உயர்ந்து கெட்டியாக நின்றால் ஷூவை நெருக்கி வைக்க வேண்டும். மிதிக்கும்போது பஞ்சு போல அமுங்கினால் காற்று மீதமிருக்கிறது. கெட்டியாக நிற்கும் பெடலை ஒரு நிமிடம் ஒரே விசையில் அழுத்திப் பிடிக்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே சொட்டு ஒழுக்கும் இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கசிகிறது. பூஸ்டர் உள்ள வண்டியில் எஞ்சினை ஸ்டார்ட் செய்த நொடியில் பெடல் சிறிது தாழ்வது இயல்பு. அதை ஒழுக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நிப்பிளை அளவாக இறுக்கி, அதன் ரப்பர் தொப்பியை மாட்டி, சிந்திய இடத்தையெல்லாம் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பிரேக் ஆயில் தண்ணீரில் கரைவதால் துணியைவிடத் தண்ணீரே விரைவாக வேலை செய்யும். தாமதித்தால் பெயின்ட் சுருங்கி எழும். பேடிலோ ஷூவிலோ ஆயில் பட்டிருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டும். ஆளில்லாத திடலில் நடைவேகத்தில் நான்கைந்து முறை பிடித்துப் பார்த்த பிறகே சாலைக்குக் கொண்டுபோகலாம். மறுநாள் காலையில் டேங்க் அளவையும் நிப்பிள்களையும் இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

எடுத்த பழைய ஆயிலைத் தோட்டத்திலோ சாக்கடையிலோ கொட்டக் கூடாது. அது தண்ணீரோடு கலந்து எளிதில் நிலத்துக்குள் இறங்கும். கிணற்றையும் ஆழ்துளையையும் நம்பியிருக்கும் ஊரில் அது போய்ச் சேரும் இடம் தெரிந்ததே. லேசான இனிப்புச் சுவை இருப்பதால் நாயும் ஆடும் நக்கிவிடும். அழுக்கு எஞ்சின் ஆயில் டின்னில் சேர்க்காமல் தனிப் புட்டியில் மூடி, பெயர் எழுதி, கழிவு ஆயில் எடுக்கும் சர்வீஸ் நிலையத்தில் கொடுக்க வேண்டும். மாற்றிய மாதத்தையும் ஆண்டையும், ஊற்றியது டாட் 3ஆ 4ஆ என்பதையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி டேங்க்குக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டால், அடுத்து பானெட்டைத் திறப்பவர் யாராக இருந்தாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.